பிறப்பறிதலும் வேர் தேடலும்: மணிமேகலையின் ஆபுத்திரன்

முன்னுரை

மணிமேகலையில் இடம்பெறும் ஆபுத்திரன் வரலாற்றை வேள்வி மறுப்பாகவும் குலப்பெருமை மறுப்பாகவும் காண்பது பெருவழக்கு. அது பொருந்துவதே. எனினும் பிறர் வளர்த்த பிள்ளை ஒருவன் ஒரே காப்பியத்துள், இரு பிறவிகளில், இருமுறை தன் பிறப்பை அறிகிறான் என்பது தனித்து நோக்கத்தக்கது. அவ்விரு நிகழ்வுகளையும் வில்லிபாரதக் கன்னனோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரை.

பழியாக வந்த உண்மை

வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி, தான் ஈன்ற குழவியை இரவில் ஒரு தோட்டத்தில் இட்டு நீங்குகிறாள். பசுவொன்று ஏழுநாள் பாலூட்டிக் காக்க, வயனங்கோட்டு இளம்பூதி அக்குழவியைத் தன் மகனாகவே ஏற்று மறை பயிற்றுகிறான். வளர்ந்தபின் வேள்விப் பசுவை அவன் விடுவிக்கவே, சினந்த அந்தணருள் ஒருவன் சாலியின் கதையை அவையில் உரைக்கிறான். இங்கு உண்மை உரிமையாக வழங்கப்படவில்லை, பழியாக வீசப்படுகிறது. ஆபுத்திரனோ தெய்வக் கணிகைக்குப் பிறந்த முனிவரை எடுத்துக்காட்டி நகைக்கிறான். அவன் பிறப்பு அவனை வீழ்த்தவில்லை. வளர்த்த தந்தை மனையினின்று விலக்கியதே அவனை ஏதிலியாக்கிற்று. தன் மகன் என்று உவந்து எடுத்தவனின் அன்பு ஊரார் சொல்லுக்குமுன் நிற்கவில்லை.

கேட்டறிந்த உண்மை

மறுபிறவியில் அவன் சாவக நாட்டுப் புண்ணியராசன். மகப்பேறற்ற பூமிசந்திரன் முனிவரிடம் பெற்று வளர்த்த மகன். மணிமேகலை கூறக் கேட்டபின் அமரசுந்தரியை வினவுகிறான்; அவளும் மறையாது உரைக்கிறாள். வளர்த்த தாயே சொல்லியும் அவன் கலங்குகிறான். துறவில் மனம் செல்கிறது. அமைச்சன் சனமித்திரன் தடுத்து, அவன் பிறப்பதன்முன் பன்னீராண்டு மழையின்றி, ஈன்றவளும் குழவிக்கு இரங்காது தனித்து உண்டதை நினைவூட்டுகிறான். குழவிக்கு இரங்காமை என்னும் இக்கருத்து சாலி தன்னைப் பழித்து அழுத கூற்றிலும் உள்ளது. ஒருத்தியின் குற்றமாக முன்பு கேட்டது இங்குப் பசியின் விளைவாக, நாட்டின் துயராக மீண்டும் ஒலிக்கிறது. தாயைக் குற்றம் சாட்டுவதினின்றும் பசியைக் குற்றம் சாட்டுவதற்குச் சாத்தனார் நகர்வது இவ்விடத்தே புலனாகிறது.

கன்னனும் புண்ணியராசனும்

வில்லிபாரதத்தில் குந்தி கன்னனை நாடி வருவது போரின் முன்னாளில். அவள் வரவில் தாய்மையும் உண்டு, வேண்டுதலும் உண்டு. தாயென்று முன்னர்ப் பலர் வந்தமையால் தேவர் அளித்த துகிலைக் கொண்டு சோதித்த பின்னரே கன்னன் அவளை ஏற்கிறான். ஏற்றபின்னும் துரியோதனனை நீங்கான். தான் வீழ்ந்தபின் மகனென்று பலரறியச் சொல்லி மடியிலேந்துமாறு வேண்டுகிறான். புண்ணியராசனும் சான்று தேடுகிறான். மணிபல்லவத்தில் அவன் காண்பது தன் பழைய உடலின் எலும்புகளை. கன்னனின் அறிதல் ஒரு தாயிடம் முடிகிறது. புண்ணியராசனின் தேடல் தாயை அடையவே இல்லை. உணவும் உடையும் உறையுளும் உயிர்க்கு அளித்தலே அறம் என்னும் மணிமேகலையின் அறிவுரையோடு அவன் அரசுக்கு மீள்கிறான்.

காப்பியத்தின் குறை

இம்முடிவு உயர்ந்ததே, ஆயினும் ஒன்றை விட்டுச்செல்கிறது. தனக்கு நற்கதி உண்டோ என்று அழுத சாலிக்கு மகனிடமிருந்து மறுமொழி இல்லை. அவள் அழுகையைக்கூட வேற்றொருவன், அதுவும் மகனை இகழ்தற்பொருட்டு, எடுத்துரைக்கிறான். கன்னனுக்குக் கிடைத்த மடி ஆபுத்திரனுக்கு இல்லை. குந்திக்குக் கிடைத்த செவி சாலிக்கும் இல்லை.

முடிவுரை

2022ஆம் ஆண்டின் இந்தியத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், 18 வயது கடந்த தத்துப்பிள்ளை தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்க இடமளிக்கின்றன. ஒப்படைத்த காலத்துத் தம்மை வெளிப்படுத்த வேண்டாவென்ற பெற்றோரிடம் எழுத்துவழி இசைவு பெறவும் வேண்டுகின்றன. தேடும் மகனையும் மறையும் தாயையும் ஒருங்கே எண்ணிய விதி அது. பிறப்பை அறிவது இழிவன்று என மணிமேகலை முன்னரே நிறுவியது. அறிந்தவனை ஏற்கும் மனை வேண்டும் என்பதை இளம்பூதியின் கதவடைப்பு உணர்த்துகிறது. பிரிந்தவளின் சொல்லும் கேட்கப்பட வேண்டும் என்பதைச் சாலியின் அழுகை உணர்த்துகிறது. ஆபுத்திரன் வரலாற்றைச் சமயவாதமாக மட்டும் கொண்டால் இவ்விரண்டும் விடுபட்டுப் போகும்.