ட்ராத்தின் பொன்கம்பி

செப்டம்பர் கடைசி வாரம் ஆனதும் வட கலிஃபோர்னியாவின் ஃப்ளை கடைகளில், அதாவது ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் கட்டும் போலிப் பூச்சிகளை விற்கும் கடைகளில், பரங்கிப்பழ நிறம் ஏறிவிடும். அக்டோபர் கேடிஸ் என்று சீட்டு ஒட்டிய அறைகளில் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு உடம்புகள் குவிந்து கிடக்கும். வாங்குகிறவரின் கண்ணுக்காக ஏற்றிய சாயம் அது. ஆற்றோரத்து ஆல்டர் கிளையில் உட்கார்ந்திருக்கும் நிஜமான அக்டோபர் கேடிஸ் பூச்சியை, டைகோஸ்மீகஸை, பிடித்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வயிறு மங்கிய காவி; சிலவற்றில் சிவப்பு கொஞ்சம் தூக்கல், சிலவற்றில் வெறும் தவிட்டு நிறம். இறக்கை சாம்பல் கலந்த பழுப்பு. பளிச்சென்று எதுவும் அதனிடம் கிடையாது.

ஆனாலும் நிறத்துக்காக நான் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. பொழுது சாயும் நேரத்தில், வானத்தைப் பின்னால் வைத்துக் கீழேயிருந்து பார்க்கும் ட்ரவுட்டுக்கு உருவமும் அளவும் அசைவும் சரியாக இருந்தால் போதும். என் வழக்கு கட்டுமானத்தைப் பற்றியது. 8-ம் எண் முள்ளில் அக்டோபர் கேடிஸ் கட்டுகிறவர்கள் இன்று எதையெதையோ கட்டுகிறார்கள். பாதிப் பேருக்கு ராண்டல் காஃப்மன் பரப்பிய ஸ்டிமுலேட்டர்தான் எல்லாமே. நல்ல ஃப்ளைதான், ஸ்டோன்ஃப்ளை பறக்கிற மாதங்களில். கேடிஸுக்கு வால் கிடையாதே. ஸ்டிமுலேட்டருக்கு எதற்கு அந்த முடி வால் என்று கேட்டால், மிதப்பதற்கு என்கிறார்கள். ஃபோம் வைத்துக் கட்டுகிறவர்கள் இன்னொரு கட்சி. ஃபோம் மூழ்காது, உண்மை. அது தண்ணீரில் விழும் சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். இலையுதிர் காலத்தில் ஆறு இறங்கி, கண்ணாடியாகத் தெளிந்திருக்கும்போது அந்தச் சத்தம் ஒரு குட்டையையே காலி செய்துவிடும். இங்கிலாந்தின் ஜான் காடர்ட் பெயரில் வழங்கும் கேடிஸை மட்டும் மரியாதையோடு ஒதுக்கி வைக்கிறேன். மான்முடியைச் சுற்றிக் கத்தரித்து உருவம் கொண்டுவரும் அந்த வேலை அழகு. ஆனால் அது கத்தரியின் அழகு. எனக்கு வேண்டியது நூலின் அழகு.

நூலின் அழகு என்றால் ஆல் ட்ராத். 1957-இல் பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவர் கட்டிய எல்க் ஹேர் கேடிஸ், இன்று ட்ரவுட் நீந்துகிற எல்லா நாடுகளின் பெட்டிகளிலும் இருக்கிறது. பிற்பாடு மொன்டானாவின் டில்லன் ஊருக்குக் குடிபெயர்ந்து பீவர்ஹெட் ஆற்றில் வழிகாட்டியாக இருந்தார், 2012-இல் மறைந்தார். அந்த ஃப்ளையின் மூதாதையைத் தேடினால் இங்கிலாந்தின் ஃப்ளை எழுத்தாளர் ஸ்கூஸ் வரை போகலாம். அவருடைய லிட்டில் ரெட் செட்ஜிலும் முயல் ரோமத்து உடம்பு, அதன்மேல் வரிவரியாகச் சுற்றிய சேவல் இறகு, அதற்கும் மேல் பொன்னிறக் கம்பி. ட்ராத் இறக்கைக்குப் பறவை இறகை விட்டு எல்க் முடிக்கு வந்தார். எல்லோரும் புகழ்வது அந்த முடியைத்தான். நான் புகழ வந்தது கம்பியை.

வேலையின் வரிசையை நினைத்துப் பாருங்கள். முள்ளின் வளைவில் முதலில் கம்பியைக் கட்டி, வாலாகத் தொங்கவிடுகிறோம். ரோமத்தை நூலில் திரித்து உடம்பை முன்னோக்கிச் சுற்றுகிறோம். இறகை முன்னால் கட்டுகிறோம்; முன்னால், அதுதான் விஷயம். அங்கிருந்து பின்னோக்கி ஐந்தாறு சுற்று இறங்கி வளைவுக்கு வருகிறது. அங்கே காத்திருக்கும் கம்பியால் இறகின் நுனியை இரண்டு சுற்றில் பிடித்து, அதே கம்பியை இறகுக்குள் நெளித்து நெளித்து முன்னால் கொண்டுபோய் முடிக்கிறோம். இறகு பின்னால் போகிறது, கம்பி முன்னால் வருகிறது. கை இரண்டு முறையும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. இருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி இறகின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பூட்டுகிறது. எதிர்ப்புறமாகச் சுற்ற வேண்டும் என்ற கவலையே இல்லை. திசை மாறியதிலேயே பூட்டு விழுந்துவிட்டது. ஒரு கைவினையாளன் மூளையைச் செலவழித்த இடம் என்று நான் காட்டுவது இதைத்தான்.

இதனால் என்ன லாபம்? ட்ரவுட்டுக்குப் பல் உண்டு. இறகின் தண்டு மெலிது. பின்னால் கட்டி முன்னால் சுற்றிக்கொண்டுவந்த, கம்பியில்லாத இறகில் ஒரு பல் பட்டு ஓரிடம் அறுந்தால் போதும். மொத்தமும் அவிழ்ந்து தொங்கும். ட்ராத்தின் ஃப்ளையில் அறுந்த இடம் அப்படியே நிற்கும், மற்ற சுற்றுகளைக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். ஆறேழு மீன் கடித்துக் குதறிய பிறகும் நல்ல எல்க் ஹேர் கேடிஸ் வேலை செய்கிறது. முடி கலைந்து, இறகு பாதி போய், முன்னைவிடப் பூச்சி மாதிரியே ஆகிவிடுகிறது என்றுகூடச் சொல்வேன். 14-ம் எண் முள்ளில் கம்பியை விட்டுவிட்டால் ஏதோ சமாளிக்கலாம். அக்டோபர் கேடிஸின் 8-ம் எண் முள்ளில், பெரிய மீன் ஆவேசத்தோடு அடிக்கிற ஃப்ளையில், கம்பியை விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மேல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில், டன்ஸ்மியூர் பக்கம் ஒரு கிழவர் இருந்தார். கட்டி முடித்த ஃப்ளையின் அடிவயிற்றை நகத்தால் பின்னோக்கி வறட்டென்று ஒரு இழு இழுப்பார். இறகு நகர்ந்தால் பிளேடால் எல்லாவற்றையும் சீவித் தள்ளிவிட்டு முள்ளைத் திரும்ப நம் கையில் கொடுத்துவிடுவார். பாராட்டு என்பது அவரிடம் முள் திரும்பி வராமல் இருப்பதுதான். இன்றைய வகுப்புகளில் யாரும் நகத்தை நீட்டுவதில்லை. படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் கம்பி தெரியாது.

முடியையும் சொல்லாமல் விட முடியாது. எல்க் மானின் முதுகு, விலாப் பகுதி முடிக்குள் காற்றறைகள் உண்டு. நூலை இறுக்கினால் விரியும். காலோர முடி திண்ணியது, விரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்குவம் இருக்கிறது, அதைத் தோலின்மேல் விரலை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை நம்பி வாங்குவது வீண். அடி ரோமத்தைச் சுத்தமாகச் சீவி எடுத்துவிட்டு, ஸ்டாக்கரில் தட்டி நுனிகளைச் சமப்படுத்தி, முள்ளின் வளைவுக்குச் சற்றே வெளியே நுனி நிற்கும்படி அளந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுகப் பிடித்து, முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவதில் நேராகக் கீழே இழுக்க வேண்டும். அந்த நொடியில் விரல் தளர்ந்தால் முடி உருண்டு மறுபக்கம் போய்விடும். பிறகு அது இறக்கையாக இருக்காது, பாவாடையாகத்தான் இருக்கும். ட்ராத் வெளிர்முடியை விரும்பினார், மங்கலிலும் தெரியும் என்பதற்காக. அக்டோபர் கேடிஸுக்கு நான் ஒரு நிழல் அடர்ந்த முடியை எடுக்கிறேன். கண் பார்வை குறைந்துவரும் நண்பர்கள் என்னோடு சேர மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கடைசியில் முடியின் அடிக்கட்டையை முள்ளின் கண்ணுக்கு மேல் சாய்வாக ஒரே வெட்டு. தீட்சிதர் முன்குடுமி போல நெற்றிக்கு மேல் ஒரு சிறு கற்றை நிற்க வேண்டும். இதையும் இப்போது ஒட்ட நறுக்கிவிடுகிறார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்குமாம். அந்தக் குடுமியிலும் காற்றறை இருக்கிறது. மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பது அதுதான். தூண்டிலை மெல்ல உயர்த்தி ஃப்ளையை நீர்ப்பரப்பில் இழுக்கும்போது மூக்கு முங்காமல் வழுக்கி வருவதும் அதனால்தான். சுத்தம் என்று சொல்லி நறுக்கிப் போட்டது பாதி மிதப்பை.

இழுப்பது என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. உலர் ஃப்ளை என்றால் நீரோட்டத்தோடு தானாக, உயிரற்று மிதந்து வர வேண்டும் என்று மேஃப்ளையில் பாடம் படித்தவர்கள் அவர்கள். அக்டோபர் கேடிஸ் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. முட்டையிட வரும் பெண்பூச்சி மாலையில் தண்ணீரின்மேல் தத்தித் தடுமாறி, வயிற்றைத் தோய்த்துத் தோய்த்து எழுகிறது. இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்க அந்த இறக்கை போதாதோ என்று தோன்றும். மேல் சாக்ரமென்டோவில், கரையோரத்து இந்தியன் ருபார்ப் இலைகள் சிவக்கத் தொடங்கும் நாள்களில், பாறைக்குப் பின்னால் நுரைக்கும் சிறு குட்டைகளில் ஒரு முழம் தூரம் ஃப்ளையை நடுங்கவிட்டுப் பாருங்கள். அடி விழும் விதத்திலேயே மீன் எதை நம்பியது என்று தெரிந்துவிடும்.

இதே ஆற்றில் இன்னொரு பெரிய மரபும் உண்டு என்பதை மறுக்கவில்லை. விண்டு பழங்குடியைச் சேர்ந்த டெட் டோவென்டோலி டன்ஸ்மியூரில் கற்றுக்கொடுத்த குறுங்கயிற்று முறை அது: கனமான ஃப்ளை, கைக்கெட்டும் தூரம், பாறை இடுக்கு. அந்த வழியில் வந்தவர்கள், இலையுதிர் ட்ரவுட் தின்பதில் பெரும்பங்கு கூட்டுப்புழுதான், மேலே பறப்பது வெறும் வேடிக்கை என்பார்கள். கணக்கு அவர்கள் பக்கம். கோடையில் கல்கூட்டைப் பாறைக்கு அடியில் ஒட்டி அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும் புழு, வெளியே வரும் அந்தச் சிறு பொழுதில்தான் மாட்டிக்கொள்கிறது. கேரி லஃபோன்டெயின் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் பார்த்து, மேலெழும் கூட்டுப்புழுவின் மினுக்கத்தை ஆன்ட்ரான் இழையில் பிடித்தவர். 1981-இல் வந்த அவருடைய ‘கேடிஸ்ஃப்ளைஸ்’ புத்தகம் இல்லாத அலமாரியை நான் மதிப்பதில்லை. மீன் எண்ணிக்கைதான் குறி என்றால் அவருடைய ஸ்பார்க்கிள் பியூபாவைக் கட்டுங்கள். குறைவாகப் பிடித்தாலும் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பவர்களுக்காகத்தான் நான் எழுதுகிறேன்.

இறகைப் பற்றிப் பேசாமல் இந்தப் புலம்பல் முழுமையாகாது. 2011-இல் அமெரிக்கப் பெண்கள் சேவல் இறகைக் கூந்தலில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வரிபோட்ட நீள இறகுகளின் விலை பல மடங்கு ஏறியது. ஃப்ளை கடைகளில் கொக்கிகள் வெறுமையாகத் தொங்கின. கொலராடோவின் டெல்டாவில் வைட்டிங் பண்ணை தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த சேவல்களின் இறகு அழகு நிலையத்துக்குப் போனது. மோகம் சீக்கிரமே வடிந்தது. ஆனால் அந்த இடைவெளியில்தான் பலர் இறகைச் சிக்கனம் பிடிக்கப் பழகினார்கள், ஐந்து சுற்று மூன்றானது என்பது என் சந்தேகம். இறகுக்கும் ஃபேஷனுக்கும் உள்ள பகை பழையது. விக்டோரியா காலத்துச் சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் மின்னியது நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. தொப்பிக்காகப் பறவைகளைக் கொன்று குவித்த வியாபாரத்தைத் தடுக்க 1902-இல் இந்தியா இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அந்தத் தடை சரி. ட்ராத்தின் ஃப்ளைக்குக் காட்டுப் பறவை எதுவும் சாக வேண்டியதில்லை என்பதும் அதன் பெருமைகளில் ஒன்று.

தரம் போனதற்குக் கடை ஃப்ளைகளை வெளிநாட்டில் கட்டுவதைக் காரணம் சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. கென்யாவிலும் தாய்லாந்திலும் இலங்கையிலும் மேசை மேசையாக உட்கார்ந்து கட்டுகிறவர்களின் விரல்வேகத்தைக் கண்டவர் அப்படிப் பேசமாட்டார். அவர்களுக்குப் போகும் மாதிரித்தாளில் கம்பி இருந்தால் கம்பி வரும், எடுத்துவிட்டால் வராது. எடுத்தது யார்? ஒரு ஃப்ளைக்குச் சில விநாடி மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள். அதைக் கேட்காமல் வாங்கியது நாம்.

1991 ஜூலை 14 அன்று டன்ஸ்மியூருக்கு மேலே கன்டாரா வளைவில் ரயில் தடம் புரண்டு, சுமார் 19,000 கேலன் மெட்டாம் சோடியம் என்ற பூச்சிக்கொல்லி மேல் சாக்ரமென்டோவில் கலந்தது. ஷாஸ்டா ஏரி வரைக்கும் மீனும் புழுவும் செத்தன. அந்த ஆறே மீண்டுவிட்டது. கல்கூட்டைச் சுமந்துகொண்டு கேடிஸ் திரும்பி வந்துவிட்டது. கடைத்தட்டில் கம்பி மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

ஆகவே இந்த அக்டோபரில் கடைக்குப் போனால் ஃப்ளையைக் கவிழ்த்துப் பாருங்கள். இறகுத் தண்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பொன்னிறக் கோடு தெரிகிறதா? நகத்தால் ஒரு இழு. நகர்ந்தால் திரும்ப வைத்துவிட்டு, கல்லாவில் இருப்பவரிடம் கம்பி எங்கே என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது முணுமுணுப்பு. வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டால், அடுத்த வருடத்து மாதிரித்தாளில் ஒரு வரி கூடும்.