கடத்தற்காரனும் நல்ல குடிமகனும்

கடந்த இதழில் நண்பரொருவர் பாக்கு நீரிணையில் நடந்த கடத்தல் வணிகம் பற்றி எழுதியிருந்தார். சுங்கவரி ஆளும் வர்க்கத்தின் கொள்ளை, ஆகவே அதை மீறியவன் போராளி என்பது அவருடைய வாதத்தின் சாரம். துணைக்கு அடம் சிமித்தையும் அழைத்திருந்தார். ஒரு காலத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தவன், இன்று தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து பழைய புத்தகங்களைப் புரட்டுபவன் என்ற முறையில் அதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

சிமித்தை நண்பர் திரிக்கவில்லை. 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில், கடத்தற்காரன் நாட்டின் சட்டத்தை மீறிய குற்றவாளிதான், ஆனால் பெரும்பாலும் இயற்கை நீதியை மீறுபவனல்லன், சட்டம் குற்றமாக்கியிராவிட்டால் சிறந்த குடிமகனாக இருந்திருப்பான் என்று சிமித் வாதிடுகிறார். 1778இல் இதே சிமித் ஸ்கொட்லாந்தின் சுங்க ஆணையாளர்களுள் ஒருவரானார். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைப் படித்தபோது தன் கழுத்துத்துணியும் கைக்குட்டையும்கூட அதில் அடங்கக் கண்டு, அவற்றை எரித்துவிட்டதாகக் கடிதமொன்றில் எழுதினார். விரிவுரையில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

அடுத்த தலைப்பு தேயிலை. அன்றைய பிரித்தானியாவில் தேயிலை மீதான வரி சராசரியாக 119 வீதம். கொத்தன்பேர்க், கொப்பன்ஹேகன் துறைமுகங்களில் இறங்கிய சீனத் தேயிலை இரவோடிரவாக ஆங்கிலக் கரைகளுக்குப் போயிற்று. 1784இல் பிரதமர் பிற் வரியை 12.5 வீதமாகக் குறைத்தார். சட்டபூர்வ விற்பனை விரைவிலேயே இரு மடங்குக்கும் மேலாயிற்று. தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. வரி குறைந்தால் கடத்தல் ஒழியும்: பரீட்சை விடைத்தாளில் இதற்கு முழுப் புள்ளி கொடுத்திருக்கிறேன்.

அந்த விடைத்தாளில் இல்லாதவை இரண்டு. வரிக் குறைப்பால் கொழுத்தது கிழக்கிந்தியக் கம்பனி. அரசு இழந்த வருமானம் வீட்டு யன்னல்கள் மீது வரியாக விழுந்தது. கன்ரனில் வாங்கிய தேயிலைக்குக் கொடுக்க வெள்ளி போதாதபோது, வங்காளத்தில் விளைந்த அபினைக் கம்பனி கல்கத்தாவில் ஏலம் விட்டது. தனியார் கப்பல்கள் அதைச் சீனாவுக்குக் கடத்தின. சீனப் பேரரசு 1729இலேயே அபின் விற்பனையைத் தடைசெய்திருந்தது. தன் கரையில் கடத்தலை ஒழித்த வணிகம் அடுத்தவன் கரையில் கடத்தலால் வாழ்ந்தது.

மற்றையது, கடத்தற்காரன் யார் என்பது. 1748இல் கலி என்ற சுங்க அலுவலரையும், சாட்சி சொல்லப் புறப்பட்ட சற்றர் என்ற செருப்புத் தொழிலாளியையும் ஒரு கடத்தற் கும்பல் சித்திரவதை செய்து கொன்றது. சற்றரைக் கிணற்றில் போட்டு மேலே கல்லெறிந்தார்கள். சிமித்தின் 'சிறந்த குடிமகன்' இந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. எமது நண்பரும் பார்க்கவில்லை.

வரி யாரைப் பிடிக்கிறது என்ற கேள்வியில் நான் நண்பரோடுதான் நிற்கிறேன். நாம் வாழும் ஜேர்மனியிலேயே சான்று உண்டு. 1781இல் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் கோப்பி வறுப்பதை அரச ஏகபோகமாக்கினான். பிரபுக்களுக்கும் மதகுருமாருக்கும் அதிகாரிகளுக்கும் அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. மற்றவர்களின் அடுப்பை மோப்பம் பிடிக்கப் பழைய படைவீரர்கள் தெருத்தெருவாக அலைந்தனர். மன்னன் 1786இல் இறந்தபின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. வரி மட்டும் வேறு வடிவில் இன்றும் இருக்கிறது: எமது தொழிற்சாலை இடைவேளைக் கோப்பியிலும் வறுத்த கொட்டைக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ.

ஆனால் போராளி? 1784இன் வரிக் குறைப்பால் நொடித்தவர்கள் கடத்தற்காரர்களே. வரியின் உயரம்தான் அவர்களின் இலாபம். மதிலை அண்டிப் பிழைப்பவன் மதிலை இடிக்க வருவதில்லை.

பாக்கு நீரிணைக்கும் இது பொருந்தும். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை ஓடிய கப்பல். அத்தகைய கடலோடிகளின் பழைய நீர்வழியை 1948இன் பின் இறுகிய எல்லைதான் கள்ள வழியாக்கியது. இதை நண்பர் சரியாகவே எழுதினார். அதே எல்லை 'கள்ளத்தோணி' என்ற சொல்லையும் தந்தது. மலையகத் தமிழரைச் சிங்கள இனவாதிகள் மட்டும் அப்படி அழைக்கவில்லை. சேலையும் சவர்க்காரமும் கடத்தி வந்தவனைக் கெட்டிக்காரன் என்று மெச்சிய யாழ்ப்பாணத்து வாயும் அப்படித்தான் அழைத்தது. இதை ஏன் அவர் விட்டுவிட்டார்?

என்னை இங்கு கொண்டுவந்ததும் ஒரு ஏஜென்சிக்காரன்தான். விசாவோடு வர எனக்கு வழியிருக்கவில்லை. நடுவழியில் பதினொரு பேரை ஓர் அறையில் பூட்டிவைத்து, பேசிய தொகைக்கு மேல் கேட்டான். ஊரில் தங்கச்சி தாலிக்கொடியை ஈடு வைத்தாள். அவனில்லாவிட்டால் இக்கட்டுரை இல்லை. அதற்காக அவனை விடுதலை வீரனாக எழுத என்னால் முடியாது. கதவை இறுக்கியவர்கள் அவனுடைய கூலியை உயர்த்தினார்கள், கட்டியது நாங்கள்.

ஆகவே அடுத்த முறை கடத்தல் பற்றி எழுதும்போது, அரசையும் கடத்தற்காரனையும் மட்டும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம். இருவருக்கும் செலுத்தியவர்களையும் கணக்கில் எடுங்கள். நண்பரின் பதிலை எதிர்பார்க்கிறேன்.