கியர் ராடுக்கு என்ன விலை?

புது மாடல் வந்தால் பழசுக்கு விலை இறங்கும். செல்போனிலிருந்து மிக்ஸி வரை இதுதான் சட்டம். சாதா கார்களும் இதற்குக் கட்டுப்படுகின்றன. வேகக் கார்கள் மட்டும் சில சமயம் தலைகீழாக நடந்துகொள்ளும். புதுசு வந்ததும் பழசு விலை ஏறும். கார் பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'முதலீடு', 'நாளைய கிளாஸிக்' என்று பெரிய வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ விஷயம் எளிமையாகத்தான் தெரிகிறது. புதுக் காரில் எது காணாமல் போச்சு என்று பாருங்கள், பழசின் விலை புரிந்துவிடும்.

போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் தலைகாட்டியதிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல், பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் எஞ்சினைக் காற்றடித்துத்தான் குளிர வைத்தார்கள். 1997-ல் வந்த 996 ரகத்தில் தண்ணீர், ரேடியேட்டர் எல்லாம் வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் முன்னேற்றம்தான். ரசிகர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஹெட்லைட்டைப் பார்த்து 'பொரித்த முட்டை' என்று கேலி. (நாமாக இருந்தால் ஆஃப்பாயில் என்றிருப்போம்.) போதாததற்கு, உள்ளே ஒரு பேரிங் உடைந்தால் எஞ்சினே காலி என்ற கெட்ட பெயர் வேறு. காற்றில் குளிர்ந்த கடைசி ரகமான 993-ன் விலை பிற்பாடு எங்கேயோ போய்விட்டது. 996 வெகுகாலம் மலிவு விலை 911-ஆகவே இருந்தது.

இதைவிட சுவாரஸ்யமான கதை ஒன்று இருக்கிறது. 2013-ல் வந்த ஜிடி3-ல் கியரை இயந்திரமே மாற்றிக்கொள்ளும். கெஞ்சினாலும் கை கியர் கிடையாது. ரேஸ் டிராக்கில் எந்த மனுஷக் கையைவிடவும் இயந்திரம் வேகம் என்பது உண்மைதான். ஆனால் கிளட்சை மிதித்து, கியர் ராடைத் தள்ளி, அது 'கடக்' என்று போய் உட்காரும் சுகத்துக்கு ஏங்குகிறவனிடம் விநாடிக் கணக்கு சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் பழைய 997 ஜிடி3-ஐத் தேடிப் போனான். அதற்குக் கிராக்கி வந்துவிட்டது.

இந்த ஏக்கத்தை போர்ஷேயும் கவனித்திருக்க வேண்டும். 2016-ல் ஜெனிவாவில் 911 ஆர் என்று ஒன்றைக் காட்டினார்கள். 500 குதிரை சக்தி, 1,370 கிலோ, கை கியர் மட்டும். மொத்தமே 991 கார்கள். அமெரிக்காவில் விலை 1,84,900 டாலரில் ஆரம்பம். கம்பெனியின் 918 ஸ்பைடரை ஏற்கெனவே வாங்கிய கனவான்களுக்கு முன்னுரிமை. அப்புறம் கேட்பானேன்! செகண்ட் ஹேண்டில் 10 லட்சம் டாலர் கேட்டவர்கள்கூட உண்டு.

அடுத்த வருஷம், அதே ஜெனிவா. புது ஜிடி3. அதே 4 லிட்டர், அதே 500 குதிரை, விலையும் குறைவு. 'கை கியர் வேண்டுமா? தாராளமாக!' என்றார்கள். 911 ஆர் விலை மளமளவென்று சரிந்தது. ஷோரூம் விலைக்குக் கீழே போகவில்லை, ஆனால் அந்தப் பத்து லட்சக் கனவு கலைந்தது. இங்கேதான் 'அபூர்வம், அதனால் விலை' என்ற வாதம் எனக்கு இடிக்கிறது. 991 கார்கள் 991-ஆகவேதான் இருந்தன. ஒன்றுகூட அதிகம் செய்யவில்லை. எல்லோரும் விலை பேசியது காருக்கு என்று நினைத்தார்கள். உண்மையில் பேசியது ஒரு கியர் ராடுக்கு.

பதுக்கி விற்க நினைத்து நஷ்டப்பட்ட ஆசாமிகளுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. நிஜமாகவே ஓட்டும் ஆசையில் உச்ச விலை கொடுத்தவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரீசேல் விலை குறையும் என்றால் சாவியைத் தொடக் கை கூசாதா? ஓட்டுவதற்கென்றே செய்த கார், போர்வையைப் போர்த்திக்கொண்டு கராஜில் தூங்குகிறது. இந்த விஷயத்தில் அந்த ஆஃப்பாயில் 996 கொடுத்து வைத்தது. யாரும் அதைப் பூட்டி வைக்க நினைக்கவில்லை, மழையிலும் ஓட்டினார்கள்.

கடைசியில் கம்பெனிக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. 2023-ல் 911 எஸ்/டி வந்தது. முதல் 911 பிறந்த வருஷத்தை நினைவுபடுத்தும் வகையில் 1,963 கார்கள். மறுபடியும் கை கியர் மட்டும். விலை கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர். வாங்கிய கையோடு லாபத்துக்கு விற்பதைத் தடுக்க அமெரிக்காவில் ஒரு நிபந்தனை போட்டார்கள். முதல் வருஷம் கார் குத்தகைக்குத்தான், அது முடிந்த பிறகுதான் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய பணக்காரர்கள், முதல் பன்னிரண்டு மாதம் வாடகைக் குடித்தனம்!