தோட்டா நிரப்பும் பிரெஸ்: வேகத்துக்கு முன் கவனம்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை மைதானத்திலேயே விட்டுவிட்டு வருவதில்லை. பொறுக்கி வந்து கராஜில் மறுபடி நிரப்புகிறார்கள். ரீலோடிங் எனப்படும் இந்த வேலை முழுவதும் ஒரு பிரெஸ்ஸைச் சுற்றியே நடக்கிறது. கைப்பிடியை இழுத்தால் கூடு மேலேறி டை என்னும் அச்சுக்குள் நுழையும். விரிந்த பித்தளை பழைய அளவுக்குச் சுருங்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், எரிந்தது, கீழே விழும். அடுத்து புது பிரைமர், வெடிமருந்து, குண்டு.

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மணிக்கு எத்தனை தோட்டா என்றுதான் கேட்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை கூடுகளின் மேல் உங்களால் கண் வைத்திருக்க முடியும் என்பதுதான் என் கேள்வி. உதாரணத்துக்கு, .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவின் கூடு கருமருந்துக் காலத்தில், 1898 வாக்கில், உருவானது. உள்ளே இடம் தாராளம். இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். சுடும்போது துப்பாக்கியே சிதறலாம். அதனால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வசதி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த வசதி சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ்ஸில் நிறையவே உண்டு. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் கனத்த வார்ப்பிரும்பு, நீளமான .30-06 ரைஃபிள் கூட்டைக்கூட அலட்டாமல் சுருக்கும். ஒரு நேரத்தில் ஒரே டை. எல்லாக் கூடுகளுக்கும் ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது. மருந்து போட்ட கூடுகளைப் பலகைக் குழிகளில் நிறுத்தி டார்ச் அடித்தால், கூடக்குறைய இருப்பது உடனே கண்ணில் படும்.

இந்த வகையில் என் மனம் போவது ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் மேல்தான். டையைத் திருகி மாட்ட வேண்டாம்; பள்ளத்தில் பக்கவாட்டில் தள்ளினால் போதும். டை இம்மியளவு அசைய இடம் விட்டிருப்பதால் கூடும் டையும் தாமாகவே நேர்கோட்டுக்கு வருகின்றன. துல்லியம் தேடும் ரைஃபிள்காரர்கள் இதை விரும்பக் காரணம் இதுதான். கைப்பிடி நடுவில் இருப்பதால் இடக்கைக்காரர்களுக்கும் சிரமமில்லை. எரிந்த பிரைமர் குழாய் வழியே குப்பிக்குள் விழுகிறது. அதன் கரியில் ஈயம் இருப்பதால், வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒன்று கவனியுங்கள்: சில கம்பெனி டைகளின் பூட்டு வளையம் அந்தப் பள்ளத்தில் உட்காராது, மாற்ற வேண்டிவரும்.

கைத்துப்பாக்கிக்கு நிரப்பும் புதியவர்களுக்கு லீ கிளாசிக் டரெட்டைச் சொல்வேன். தலையில் நான்கு டை. ஒவ்வொரு இழுப்புக்கும் தலை சுழலும், நாலு இழுப்பில் ஒரு தோட்டா. எந்த நேரமும் ஒரே கூடுதான் ஏறியிருக்கும், கவனம் சிதறாது. சுழற்றும் கம்பியை எடுத்துவிட்டால் சிங்கிள் ஸ்டேஜ் ஆகிவிடும்.

போட்டிகளுக்காக நூற்றுக்கணக்கில் சுடுபவர்களுக்கு ப்ரோகிரஸிவ். டில்லன் எக்ஸ்எல் 750-இல் ஐந்து நிலைகள், கூடுகள் நிற்கும் தட்டு தானே சுழலும். ஆர்எல் 550-இல் நான்கு, கையால் சுழற்ற வேண்டும். எல்லா நிலையிலும் கூடு நிரம்பிய பின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். 550-இல் தட்டைச் சுழற்ற மறந்து கைப்பிடியை இழுத்தால் அதே கூட்டில் மீண்டும் மருந்து விழும். பேசிக்கொண்டே வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பெரும்பாலான டைகளுக்கு 7/8 அங்குல, 14 புரி மரை பொது என்பதால் பின்னாளில் பிரெஸ் மாறினாலும் டைகள் வீணாகாது. டில்லன் ஸ்கொயர் டீல் பி-க்கு மட்டும் அதற்கென்றே செய்த டைகள்தான் பொருந்தும்.

சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை, விற்கும் தொழிலுக்குக் கேட்கிறது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

பிரெஸ்ஸிலேயே பணம் முழுவதையும் போட்டுவிடாதீர்கள். நல்ல தராசுக்கும், மருந்தளவு அச்சிட்ட புதிய கையேட்டுக்கும் முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.