1–7: பிரேசில் அழுத மாலை

2014 உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் அரையிறுதி ஜூலை 8 அன்று பிரேசிலின் பெலோ ஹொரிசான்டே நகரில் உள்ள மினேராவ் அரங்கில் நடந்தது. போட்டியை நடத்திய பிரேசில், ஜெர்மனியிடம் 1–7 என்ற கோல் கணக்கில் தோற்றது. உலகக் கோப்பை அரையிறுதிகளில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் எந்த அணியும் தோற்றதில்லை. பிரேசில் அதற்கு முன் ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்றது 1920இல், உருகுவேயிடம். சொந்த மண்ணில் நட்பு ஆட்டம் அல்லாத ஒன்றில் கடைசியாகத் தோற்றது 1975இல், பெருவிடம். அதுவும் இதே மினேராவில்தான். அன்று அரங்கில் இருந்த 58,141 பேரில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் கண்டிராத ஒன்றைக் கண்டார்கள். அழுதார்கள், ஏசினார்கள், கடைசியில் எதிரணிக்கே கைதட்டினார்கள். தேசிய அணியின் தோல்வி ரசிகரை என்ன செய்கிறது, அந்தத் துயரத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை இந்த ஆட்டத்தைப்போல வெளிப்படையாகக் காட்டிய ஆட்டங்கள் குறைவு.

1950 விட்டுச்சென்ற சுமை

பிரேசில் ரசிகரின் எதிர்பார்ப்புக்குப் பின்னால் ஆறாத காயம் ஒன்று இருந்தது. 1950 உலகக் கோப்பையையும் பிரேசிலே நடத்தியது. ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்தில், உருகுவேயுடன் டிரா செய்திருந்தாலே கோப்பை பிரேசிலுக்கு. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஃபிரியாசா கோல் போட்டு முன்னிலையும் தந்தார். ஸ்கியாஃபினோ அதைச் சமன் செய்தார். 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா, கோல்கீப்பர் பார்போசாவுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே பந்தைச் செலுத்தி உருகுவேயை வெல்ல வைத்தார்.

அன்றைய துயரம் முழுவதும் பார்போசா என்ற ஒரே மனிதரின் தலையில் இறங்கியது. 2000இல் இறக்கும்வரை அவர் அந்தப் பழியோடு வாழ்ந்தார். பிரேசில் சட்டத்தில் அதிகபட்ச சிறைத் தண்டனையே 30 ஆண்டுதான், தானோ 50 ஆண்டு அனுபவித்துவிட்டேன் என்று அவர் நொந்துகொண்டதுண்டு. அணி அதுவரை அணிந்த வெள்ளைச் சட்டையும் ராசியற்றது என்று ஒதுக்கப்பட்டது. நாளிதழ் ஒன்று நடத்திய வடிவமைப்புப் போட்டியில் தேர்வானதுதான் இன்று உலகம் அறிந்த மஞ்சள் சட்டை.

64 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை மீண்டும் பிரேசிலுக்கு வந்தபோது, இறுதி ஆட்டமும் அதே மரக்கானாவில் என்று முடிவாகியிருந்தது. ஐந்து முறை கோப்பையை வென்றிருந்தாலும், சொந்த மண்ணில் வெல்லாத குறை ரசிகர்களை விடவில்லை. 2002இல் கோப்பை வாங்கித் தந்த ஸ்கொலாரியே மறுபடியும் பயிற்சியாளர். 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் அவரது அணி, அன்றைய உலக சாம்பியன் ஸ்பெயினை 3–0 என்று வென்றது. அந்த ஆண்டு ஜூனில் பிரேசில் நகரங்களின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இல்லாத பணம் அரங்கங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அணி கோப்பையை வென்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இதனால் இன்னும் கூடியது.

ஆடுகளத்துக்கு வந்த கண்ணீர்

இந்தச் சுமையை வீரர்கள் மறைக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தேசிய கீதத்தின் இசை பாதியில் நின்றுவிட, ரசிகர்களும் வீரர்களும் இசை இல்லாமலே மீதியை உரக்கப் பாடி முடித்தார்கள். பல வீரர்கள் பாடும்போதே கண்கலங்கினார்கள். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறியும் காட்சி அது. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே அணி உணர்ச்சியின் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கும் அதுவே முதல் அறிகுறி.

இரண்டாவது அறிகுறி, ஜூன் 28 அன்று சிலியுடன் நடந்த இரண்டாம் சுற்று ஆட்டம். இடம் அதே மினேராவ். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் சிலியின் பினிலா அடித்த பந்து மேல் கம்பத்தில் மோதித் திரும்பியது; இல்லையென்றால் அன்றே கதை முடிந்திருக்கும். பெனால்டி ஷூட் அவுட்டுக்கு முன் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் அழுதார். கேப்டன் தியாகோ சில்வா சகாக்களை விட்டு விலகி, ஒரு பந்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். பிரேசில் 3–2 என்று தப்பியது. அதன் பிறகு வீரர்களோடு பேச உளவியல் நிபுணர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

ஜூலை 4 அன்று ஃபோர்ட்டலேசாவில் நடந்த காலிறுதியில் கொலம்பியாவை 2–1 என்று வென்றபோது பிரேசில் இரண்டு பேரை இழந்தது. கொலம்பிய வீரர் ஜூனிகாவின் முழங்கால் முதுகில் இடித்து, பிரேசிலின் முன்னணி வீரர் நெய்மாரின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. கொலம்பிய கோல்கீப்பரை மறித்ததற்காக மஞ்சள் அட்டை வாங்கிய தியாகோ சில்வாவுக்கு அரையிறுதியில் ஆடத் தடை. ரசிகர்களின் கவலை முழுக்க நெய்மாரைப் பற்றியே இருந்தது. அரையிறுதிக்குப் பலர் அவருடைய முகமூடி அணிந்து வந்தார்கள். தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் நெய்மாரின் சட்டையை உயர்த்திப் பிடித்தார்கள். ஆனால் அன்று பிரேசிலை அதிகம் வாட்டியது தற்காப்பை நிதானப்படுத்தும் கேப்டன் இல்லாத குறைதான்.

ஆறு நிமிடங்கள்

நெய்மாரின் இடத்துக்கு ஸ்கொலாரி இன்னொரு நடுகள வீரரைச் சேர்க்கவில்லை. அந்த ஊர் கிளப்பான அட்லெட்டிகோ மினேரோவில் வளர்ந்த இளம் விங்கர் பெர்னார்டை இறக்கினார். ஜெர்மனியின் நடுகளத்தில் ஷ்வைன்ஸ்டைகர், கெதிரா, குரூஸ் என்று மூவர். அவர்களுக்கு எதிரே பிரேசிலுக்கு லூயிஸ் குஸ்டாவோ, பெர்னாண்டின்ஹோ என்று இருவர் மட்டுமே. தாக்குதலுக்கு ஓடிய பெர்னார்டும் ஹல்க்கும் ஆஸ்கரும் திரும்பி வருவதற்குள் நடுவில் பெரிய வெற்றிடம் விழுந்தது. தோல்வியின் விதை இந்த ஆள் கணக்கில் இருந்தது.

முதல் பத்து நிமிடம் பிரேசில் ஆவேசமாகத்தான் ஆடியது. 11ஆவது நிமிடத்தில் குரூஸ் அடித்த கார்னரில் முல்லரைக் காவல் காக்க வேண்டிய டேவிட் லூயிஸ், கூட்டத்தில் சிக்கி அவரைத் தவறவிட்டார். பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்ற முல்லர் நிதானமாகப் பந்தை வலைக்குள் தட்டினார். ஒரு கோல் பின்தங்குவது மீளக்கூடிய நிலைதான். பிரேசில் அதை மீளக்கூடிய நிலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே சமன் செய்துவிட வேண்டும் என்று தற்காப்பு வீரர்கள்கூட முன்னே ஓடினார்கள்.

23ஆவது நிமிடத்தில் குளோசே அடித்த பந்தை ஜூலியோ சீசர் தடுத்தார். திரும்பி வந்த பந்தைக் குளோசே மறுபடி அடித்துக் கோலாக்கினார். உலகக் கோப்பையில் அது அவரது 16ஆவது கோல். பிரேசிலின் ரொனால்டோ வைத்திருந்த 15 கோல் சாதனை, ரொனால்டோவே வர்ணனையாளராக அரங்கில் இருக்க, முறிந்தது. அடுத்த நிமிடம் லாம் வலப்புறமிருந்து அனுப்பிய பந்தை முல்லர் தவறவிட, பின்னால் வந்த குரூஸ் இடதுகாலால் அடித்தார். பிரேசில் மைய வட்டத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிய சில நொடிகளில், தன் பாதியிலேயே பந்தை வாங்கிய பெர்னாண்டின்ஹோவிடமிருந்து குரூஸ் அதைப் பறித்தார். கெதிராவுடன் பந்தை மாற்றி மாற்றித் தட்டி நான்காவது கோலையும் அவரே போட்டார். 29ஆவது நிமிடத்தில் கெதிராவின் முறை. தொலைக்காட்சியில் பார்த்த பலர், முந்தைய கோலைத்தான் மறுபடி காட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

குரூஸும் கெதிராவும் போட்ட இந்த மூன்று கோல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே வடிவம் தெரியும். பெட்டிக்குள் ஜெர்மானியர் இருவர் மூவராக நிற்க, பிரேசில் வீரர்கள் பந்தை மட்டுமே பார்த்து நின்றார்கள். குரூஸ், கெதிரா இருவரையும் பின்தொடர ஆளே இல்லை. பிழை ஒருவருடையது என்று சுட்ட முடியாத அளவுக்கு அணியின் அமைப்பு மொத்தமாகக் கலைந்திருந்தது. ஆட்டம் முடிந்தபோது கோலை நோக்கி அதிக முறை அடித்த அணி பிரேசில்தான். முயற்சிக்குக் குறைவில்லை, அதற்கு ஒழுங்குதான் இல்லை.

இடைவேளைக்குப் பின் பாலின்ஹோவும் ரமிரெஸும் வந்து நடுகளம் ஓரளவு நிமிர்ந்தது. ஆஸ்கர், பாலின்ஹோ ஆகியோரின் முயற்சிகளை ஜெர்மன் கோல்கீப்பர் நொயர் தடுத்தார். ஜெர்மனிக்கு மாற்று வீரராக வந்த ஷுர்லே 69, 79ஆவது நிமிடங்களில் மேலும் இரண்டு கோல் சேர்த்தார். 90ஆவது நிமிடத்தில் ஆஸ்கர் போட்ட ஒரே கோலை யாரும் கொண்டாடவில்லை.

கேலரியில் நடந்தது

ரசிகர்களின் எதிர்வினை படிப்படியாக மாறியது. முதலில் திகைப்பு. ஐந்தாவது கோலுக்குள் குழந்தைகளும் பெரியவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். சிலர் இடைவேளைக்கு முன்பே கிளம்பிப் போனார்கள். பிறகு கோபம். முன்கள வீரர் ஃபிரெட்டை அரங்கமே ஏசியது. அதிபர் தில்மா ரூசெஃப்புக்கு எதிரான கோஷங்களும் எழுந்தன. ஜெர்மானியரின் பாஸ்களுக்கு ரசிகர்கள் “ஓலே” போட்டது தங்கள் அணியைத் தண்டிக்கத்தான். ஆனால் ஷுர்லேயின் இரண்டாவது கோல் மேல் கம்பத்தின் அடியில் உரசி உள்ளே போனபோது பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கோபத்தோடு நல்ல ஆட்டத்துக்கான மரியாதையும் கலந்திருந்தது.

அன்று உலகப் பத்திரிகைகளில் வந்த முகம் குளோவிஸ் அகோஸ்டா ஃபெர்னாண்டஸ் என்ற ரசிகருடையது. அடர்ந்த மீசை, தொப்பி, மஞ்சள் சட்டை, கையில் உலகக் கோப்பையின் மாதிரி. 1990 முதல் ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் அணியின் பின்னாலேயே போனவர். “கோப்பையின் கவுச்சோ” என்று நாடே அவரை அறிந்திருந்தது. அன்று அந்த மாதிரிக் கோப்பையை மார்போடு அணைத்து, கன்னத்தை அதில் பதித்துக் கண்கலங்கி நின்ற படம்தான் அந்தத் தோல்வியின் அடையாளமாயிற்று. அதன் பிறகு அவர் செய்ததே பெரிது. கோப்பையை ஒரு ஜெர்மன் ரசிகையிடம் கொடுத்து, நீங்கள் தகுதியானவர்கள், இறுதி ஆட்டத்துக்கு இதைக் கொண்டு போங்கள் என்று வாழ்த்தினார். 2015இல் புற்றுநோயால் அவர் காலமானார். 2018 உலகக் கோப்பையில் அவருடைய மகன்கள் அந்த வழக்கத்தை ரஷ்யாவுக்கு எடுத்துச் சென்றார்கள்.

தோல்விக்குப் பின்

தோல்விக்குத் தானே பொறுப்பு என்று ஸ்கொலாரி அறிவித்தார். எவ்வளவோ துன்பப்படும் தன் மக்களுக்குச் சிறிது மகிழ்ச்சியாவது தர நினைத்தோமே என்று டேவிட் லூயிஸ் அழுதபடி மன்னிப்புக் கேட்டார். ஜூலை 12 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் நெதர்லாந்து பிரேசிலை 3–0 என்று வென்றது. ஸ்கொலாரி விலக, அதே மாதம் துங்கா பயிற்சியாளரானார். ஜெர்மனி மரக்கானாவில் அர்ஜென்டினாவை 1–0 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. அன்றாட வாழ்வின் சிறு சறுக்கல்களைக்கூட “ஜெர்மனி கோல்” என்று சொல்வது பிரேசிலில் பேச்சு வழக்கானது.

1950க்கும் 2014க்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இங்கேதான். முன்பு நாடு ஒரு கோல்கீப்பரைப் பலி கொடுத்துத் தன் துயரத்தை ஆற்றிக்கொண்டது. இம்முறை ஏசல் பலர்மேல் விழுந்தாலும், இன்னொரு பார்போசா உருவாகவில்லை. தவறின் அளவே அதற்கு இடம் தரவில்லை. பேச்சு விரைவில் பயிற்சியாளரின் திட்டம், கால்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகம், இளம் வீரர்களை வளர்க்கும் முறை என்று பரவியது. அந்த வகையில் 2014இன் ரசிகர் 1950இன் ரசிகரைவிட நியாயமாக நடந்துகொண்டார்.

ரசிகர் அழலாம்; அது அவர் உரிமை. பணமும் நேரமும் செலவழித்து, பதிலுக்கு எதுவும் கேட்காமல் அணியின் பின்னால் நிற்பவர் அவர். ஏமாற்றத்தில் ஏசுவதையும் ஓர் எல்லைவரை புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே கண்ணீர் ஆடுகளத்துக்குள் வரும்போது அது பலம் ஆவதில்லை. முதல் கோலுக்குப் பின் பிரேசிலுக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடப் பொறுமையும் நடுகளத்தில் இன்னொரு ஆளும். அந்த இரண்டையும் உறுதி செய்வது பயிற்சியாளர், நிர்வாகிகளின் வேலை. நாட்டின் உணர்ச்சியைத் தூண்டி அணியை ஓட வைத்தவர்கள், ஆட்டத்துக்கான திட்டத்தில் அதே அக்கறை காட்டவில்லை. ரசிகரின் கோபத்துக்கு முறையான இலக்கு அதுதான்.

2016 ஆகஸ்டில் மரக்கானாவில் நடந்த ஒலிம்பிக் இறுதியில் பிரேசில் அதே ஜெர்மனியைப் பெனால்டியில் வென்றது. வெற்றி கோல் நெய்மாருடையது. 2018 மார்ச்சில் பெர்லினில் நடந்த நட்பு ஆட்டத்திலும் 1–0 என்று வென்றது. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள், ஆனால் இவை எதையும் 1–7க்கு ஈடாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் பெல்ஜியத்திடமும், 2022 காலிறுதியில் பெனால்டி ஷூட் அவுட்டில் குரோஷியாவிடமும் பிரேசில் தோற்று வெளியேறியது. அவை வழக்கமான தோல்விகள். ரசிகர்கள் வருந்தினார்கள், பிறகு ஆறிப்போனார்கள். மினேராவ் ஆறவில்லை. நல்ல எதிரணியிடம் தோற்பதை எந்த ரசிகரும் காலப்போக்கில் ஏற்றுக்கொள்வார். தன் அணி போராடும் நிலையில்கூட இல்லாமல் நின்றதை ஏற்றுக்கொள்வதுதான் கடினம்.