ஏடும் பெயரும்: கறுப்பினப் பெண்களின் எழுத்தும் எண்ணிமத் தொகுப்புகளும்

நூல்கள் மறைந்துபோவதற்குக் காரணம் கூறுமிடத்துத் தீ, நீர், செல் என்பனவற்றையே முதலிற் குறிப்பிடுவது வழக்கம். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியவற்றின் வரலாற்றை நோக்குவோர்க்கு வேறொருவகை மறைவும் புலப்படும். ஏடு நூலகத்தில் இருக்கும், பட்டியலிலும் இடம்பெற்றிருக்கும், ஆனால் அதனை எழுதியவள் அங்கு இருக்கமாட்டாள். இவ்விருவகை இழப்புகளையும் வேறுபடுத்திக் காணாதவிடத்து, அவ்வெழுத்துகளைப் பேணிப் பரப்புதற்கென உருவாகியுள்ள எண்ணிமத் தொகுப்புகளின் பயனையும் குறையையும் சரிவர மதிப்பிடல் இயலாது.

இவ்விரண்டும் தொடக்கத்திலேயே ஒருவர் வாழ்வில் ஒருங்கே நிகழ்ந்துள்ளன. ஆபிரிக்காவிலிருந்து 1761இல் பொஸ்ரன் நகருக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பிலிஸ் வீற்லியின் கவிதைத் தொகுதி 1773இல் இலண்டனில் வெளிவந்தது. அக்கவிதைகளை இயற்றியவர் அவரே என ஆளுநர் உட்படப் பொஸ்ரன் நகரப் பிரமுகர் 18 பேர் ஒப்பமிட்ட சான்றுரையொன்று நூலின் முன்பகுதியில் அச்சிடப்பட்டது. தம் கவிதை தமதே என்று சொல்லும் உரிமைகூட அவருக்குப் பிறர் வழங்கவேண்டியதாயிற்று. 1779இல் அவர் இரண்டாவது தொகுதியொன்றுக்கு அறிவித்தல் வெளியிட்டும் அது அச்சேறவில்லை. 1784இல் அவர் இறந்தபின் அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்திலது. முதற்றொகுதி பெயர்பற்றிய ஐயத்துக்கு உள்ளாயிற்று; இரண்டாந் தொகுதி ஏடாகவே அழிந்தது.

இத்தகைய எழுத்துகளைத் தேடிப் பேணும் முயற்சியில் ஆர்த்தூரோ ஷொம்பேர்க்கின் பணி முதன்மையானது. அவர் திரட்டிய நூல்களையும் ஆவணங்களையும் நியூ யோர்க் பொது நூலகம் 1926இற் பெற்றுக்கொண்டது. அவர் பெயரால் வழங்கும் ஆய்வு நிலையத்தின் துணையுடன், ஹென்றி லூயிஸ் கேற்ஸைப் பொதுப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் நூல்வரிசை 1988இல் 30 தொகுதிகளாக வெளியாயிற்று. 1990களின் பிற்பகுதியில் அந்நிலையம் அக்கால நூல்கள் ஏறத்தாழ 52 இனை எண்ணிம வடிவிற் பொதுப் பார்வைக்கு வைத்தது. பெரும் நூலகங்களை அணுகமுடியாத மாணவரும் அந்நூல்களை முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு இதனாற் கிட்டியது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. ஆயினும், அத்தொகுப்புகளில் இன்று காணப்படும் ஆசிரியர் பெயர்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன என்பது ஆராயத்தக்கது.

ஹரியற் ஜேக்கப்ஸ் தம் அடிமை வாழ்வையும் விடுதலையையும் கூறும் நூலை 1861இல் லிண்டா பிரென்ற் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். பதிப்பாசிரியராக லிடியா மரியா சைல்ட் என்னும் வெள்ளையினப் பெண்மணியின் பெயர் அதில் இருந்தது. காலப்போக்கிற் பலர் அந்நூலைச் சைல்டின் புனைகதையெனவே கருதலாயினர். அடிமைமுறை பற்றி விரிவாக ஆராய்ந்த ஜோன் பிளாசிங்கேம் போன்ற வரலாற்றாசிரியரும் அதனை நம்பத்தக்க சான்றாகக் கொள்ளவில்லை. றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பேணப்பட்டிருந்த, ஏமி போஸ்ற் என்னும் தோழிக்கு ஜேக்கப்ஸ் எழுதிய கடிதங்களை ஜீன் பேகன் யெலின் ஆராய்ந்து, நூலாசிரியர் அவரேயென 1981இல் நிறுவினார். அவரது ஆய்வுப் பதிப்பு 1987இல் வெளிவந்தது. நூல் நூற்றாண்டுக்கு மேலாக நூலகங்களில் இருந்தது, கடிதங்களும் இருந்தன. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும் கண்ணே இல்லாதிருந்தது.

ஹரியற் வில்சனின் வரலாறும் இதனை ஒத்ததே. 1859இற் பொஸ்ரனில் அச்சான அவரது நாவல், பிழைப்புக்கு வழியற்ற நிலையில் தம் மகனைக் காப்பதற்காக எழுதப்பட்டதென அதன் முன்னுரை கூறுகின்றது. சில மாதங்களில் அம்மகன் இறந்துபோனான். அந்நாவலைக் கேற்ஸ் 1983இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தபோது, ஆசிரியர் கறுப்பினத்தவர் என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் அச்சிறுவனின் இறப்புப் பத்திரமும் ஒன்று. அதில் அவன் நிறம் குறிக்கப்பட்டிருந்தது. மகனைக் காப்பாற்ற இயலாத நூலின் ஆசிரியரை அம்மகனின் இறப்புப் பதிவே உலகுக்கு இனங்காட்டியது. அந்நூல் 1983இற்கு முன் எண்ணிமப்படுத்தப்பட்டிருப்பின், தாள்கள் தெளிவாகத் தெரிந்திருக்கும், வில்சன் தெரிந்திருக்கமாட்டார்.

பெயர் தவறாக நீக்கப்படுதல் போன்றே தவறாகச் சேர்க்கப்படுதலும் உண்டு. 1988ஆம் ஆண்டு நூல்வரிசையில் எம்மா டன்ஹாம் கெலி-ஹோக்கின்ஸ் என்பவரின் இரு நாவல்களும் இடம்பெற்றன. அவற்றின் பாத்திரங்கள் வெண்ணிறத்தினராகவே வருணிக்கப்பட்டிருந்தமைக்குத் திறனாய்வாளர் பலவாறு விளக்கங் கூறினர். 2005இல் ஹொலி ஜாக்சன் குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து, அவர் வெள்ளையினக் குடும்பத்தவர் என எடுத்துக்காட்டினார். ஒரு பட்டியற் குறிப்பு பிழைபட, அதன்மேல் எழுந்த விளக்கங்களும் சரிந்தன. ஆசிரியர் பெயருக்கருகே இடப்படும் ஓரிரு சொற்கள், நூல் எங்ஙனம் வாசிக்கப்படும் என்பதையே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏடுகளின் இழப்பைப் பொறுத்தவரை இதழ்களின் நிலை தனியே கருதற்பாலது. பிரான்சிஸ் ஹார்ப்பரின் நாவல் 1892இல் வெளியான ஒன்றே என நெடுங்காலம் எண்ணப்பட்டது. கறுப்பினத் திருச்சபையொன்றின் வார இதழிற் தொடராக வந்த வேறு மூன்று நாவல்களைப் பிரான்சிஸ் ஸ்மித் பொஸ்ரர் திரட்டி 1994இல் வெளியிட்டார். இதழின் சில பிரதிகள் கிடைக்காமையால் அவற்றிற் சில பகுதிகள் இன்றும் விடுபட்டுள்ளன. ஹார்ப்பரின் இளமைக்காலக் கவிதை நூலும் அழிந்ததாகவே கருதப்பட்டது. ஜொஹானா ஓர்ட்னர் என்னும் ஆய்வு மாணவி அதனை மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேர்ப்பிற் கண்டு, 2015இல் இணையவழி ஆய்விதழொன்றில் வெளிப்படுத்தினார். கண்டெடுத்தலும் பகிர்தலும் இங்கு ஒரே செயலாயின. எண்ணிம வடிவத்தின் தனிச் சிறப்பு இதுவேயாகும். மறுபுறம், மங்கிய பழைய இதழ்த் தாள்களைக் கணினி பிழைபடப் படிக்குமாயின், படிமம் இருந்தும் தேடுவோர்க்குப் பெயர் அகப்படாது. நூலகத் தட்டில் நிகழ்ந்த மறைவு திரையிலும் தொடரும்.

பகிர்வுக்குச் சட்டமும் எல்லை வகுக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் அக்கால நூல்களுக்குப் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் நீடிக்கின்றமையின், நெல்லா லார்சனின் 1929ஆம் ஆண்டு நாவல் 2025இலேயே பொதுவுடைமையாயிற்று. சோரா நீல் ஹேர்ஸ்ரனின் 1937ஆம் ஆண்டு நாவல் அந்நிலையை எய்துவது 2033இலாகும். இதனால், திறந்த தொகுப்புகளை மாத்திரம் நோக்குவோர்க்குக் கறுப்பினப் பெண்களின் எழுத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு நின்றுவிட்டது போன்ற மயக்கம் ஏற்படலாம். தொகுப்பின் எல்லையை இலக்கியத்தின் எல்லையாகக் கொள்ளுதல் கூடாது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். எண்ணிமப்படுத்துதல் ஏட்டைக் காக்கின்றது. பெயரைக் காப்பது ஆராய்ச்சியே. யெலின் போன்றோரின் உழைப்பு இல்லாதவிடத்து, தொகுப்பு பழைய பட்டியலின் பிழையை மேலும் பல்லாயிரம் பேரிடம் கொண்டுசேர்க்கும் கருவியாகவே அமையும். எனவே, ஆசிரியர் இன்னார் என்று கூறுவதோடு அமையாது, அம்முடிவு எச்சான்றினால், எவரால், எப்போது எட்டப்பட்டது என்பதையும், அது முன்னர் எவ்வாறு கருதப்பட்டதென்பதையும் தொகுப்புகள் வாசகர்க்கு உணர்த்துதல் வேண்டும். வீற்லியின் நூலுக்குப் 18 பேரின் ஒப்பம் தேவைப்பட்டது, ஒரு கறுப்பினப் பெண் எழுதமுடியாதென்ற எண்ணத்தினால். இன்றைய குறிப்புரை வேண்டப்படுவது அவள் எழுதினாள் என்பது மீண்டும் மறக்கப்படாதிருத்தற்பொருட்டு. இரண்டும் சான்றுரைகளே, ஆயின் முன்னையது ஐயத்திற் பிறந்தது, பின்னையது கடமையிற் பிறப்பது.