கத்தரிக்கோலும் கரிசல் மண்ணும்

முடிதிருத்தும் கடைகளின் சுவர்களை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! நம் இயக்க ஏடுகளை ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் செவிமடுத்துக் கேட்ட அந்தக் கடைகள்தாம் நம்மில் பலருக்கு முதற் பள்ளி. பாடம் பெஞ்சின் மீது நடந்தது. சுவரின் மீதோ வேறொரு பாடம் நடந்து கொண்டிருந்தது. வார இதழ்களின் வண்ணப் படங்களை வெட்டிச் சுவர் மறைய ஒட்டியிருப்பர். நடிகை சிரிப்பாள், அவள் தோளருகே கார் நிற்கும், காருக்கு மேலே, 1959இல் மவுண்ட் ரோட்டில் எழுந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் வான்நோக்கி நிற்கும். அதனடியில் சோப்பு விளம்பரக் குழந்தை தவழும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்குப் போகும் சாலையிலும், கழுகுமலைக்குப் போகும் சாலையிலும், சென்னையைக் கண்ணால் காணாதவனுக்கு அந்தச் சுவரே சென்னை!

அந்தச் சுவர்கள் பெரும்பாலும் வெள்ளையடிக்கப்பட்டுவிட்டன. வெட்டும் கையும் ஒட்டும் ஆசையும் மட்டும் போகவில்லை. பள்ளி ஓவிய வகுப்பிலும் கல்லூரிக் கண்காட்சியிலும் 'நகர வாழ்க்கை' என்று தலைப்பிட்டு, இதழ்ப் படங்களை வெட்டி, மனித உருவங்களாக இணைத்து ஒட்டி, அட்டைகளை வரிசையாக மாட்டுகிறார்கள். மேலைநாட்டார் இதனைக் 'கொலாஜ்' என்பர். ஒட்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லில் பிறந்த பெயர் அது. நாம் ஒட்டோவியம் என்போம். இத்தகைய அட்டைகள் பலவற்றைக் கண்டோம். கை திறமான கைதான்; ஐயமில்லை. ஓரம் பிசிறாமல் வெட்டியிருக்கிறார்கள். வண்ணம் வண்ணத்தோடு பொருந்தியிருக்கிறது. ஆனால் அட்டையில் இருப்பது என்ன? அதே நடிகை, அதே கார், அதே மாடிக் கட்டடம்! முடிதிருத்தும் கடைச் சுவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்திருக்கிறது, வேறொன்றும் நிகழவில்லை. இதழ் நமக்குக் காட்டிய நகரத்தை இதழுக்கே திருப்பிக் காட்டுவது கலையாகுமா? கற்பூரம் கொளுத்தாத பூசை அது.

கத்தரிக்கோல் பூசைக்கருவி அன்று. அதன் பிறப்பே அப்படி இல்லை. 1912இல் பாரிசில் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் அச்சுத்தாளையும் துணியையும் ஒட்டத் தொடங்கினர். முதல் உலகப்போர் முடிந்த பெர்லினில் 'டாடா' என்றொரு கலகக்கூட்டம் கிளம்பியது. (நம்மூர் லாரியின் பெயரன்று!) அக்கூட்டத்தில் ஹன்னா ஹோக் என்றொரு பெண். பெரிய இதழ் நிறுவனம் ஒன்றில் பெண்களுக்கான பின்னல், தையல் வடிவங்களை வரைந்து சம்பளம் வாங்கியவர். பகலில் இதழுக்கு வரைந்த அதே கை, இதழ்களின் அமைச்சர்களையும் தளபதிகளையும் தலை வேறு உடல் வேறாக வெட்டி, 1919இல் பேரோவியம் ஒன்றைத் தொடங்கியது. அதன் நீண்ட தலைப்பில் சமையலறைக் கத்தியை ஆயுதமாக வைத்தார். அதே பெர்லினில் ஜான் ஹார்ட்ஃபீல்டு, 1932இல், இட்லரின் மார்பைத் திறந்து காட்டினார். உள்ளே முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பொற்காசு அடுக்கு! பணக்காரனின் காசைத் தின்று பிதற்றலைக் கக்குகிறான் என்பது படத்தின் பொருள். ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்டு என்னும் செர்மானியப் பெயரைப் போர்வெறிக்கு எதிர்ப்பாக மாற்றிக்கொண்டவர் அவர். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதையும் இராமையா அன்பழகன் ஆனதையும் கண்ட நமக்கு இது புதிதன்று.

இவையெல்லாம் பாரிசின் கதை, பெர்லினின் கதை, கரிசலுக்கும் இதற்கும் என்ன உறவு என்று வினவுவோர் உளர். உறவா? ஒட்டுதலைப் பற்றி உலகில் எவரும் கரிசலுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை! 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். மழையை நம்பி விதைத்து, மழை பொய்த்தால் வெடித்துக் கிடக்கும் இந்த மண்ணில், பருத்தியும் கம்பும் கைவிட்ட குடும்பங்களை அந்தத் தொழில் வாங்கிக்கொண்டது. சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீட்டுத் திண்ணைதோறும் பசைக்கிண்ணம் வந்து அமர்ந்தது. தாயும் மகளும் பெட்டி ஒட்டினார்கள். பெட்டியின் மீது படச்சீட்டு ஒட்டினார்கள். புலியும் குதிரையும் தாமரையும் விளக்கும் அந்த விரல்களின் வழியே நாடெங்கும் போயின. ஒட்டிய விரலின் படம் மட்டும் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. விடியுமுன் பேருந்து ஊருக்குள் வந்து உறக்கம் கலையாத சிறுமிகளை ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1986இல் சட்டம் வந்து, தீப்பெட்டித் தொழிலில் 14 வயது நிரம்பாதோரை அமர்த்துவதைத் தடைசெய்தது. அதற்குப் பின்னும் பத்தாண்டு கழித்து, 1996இல், சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது.

சீட்டு அச்சிட வந்த அச்சுப்பொறி சீட்டோடு நிற்கவில்லை, நாள்காட்டிக்குப் பாய்ந்தது. அங்கேதான் கோவில்பட்டி ஓவிய வரலாற்றில் நுழைகிறது. சி. கொண்டைய ராஜூ (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். பின் நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்தியவர். சுப்பையா, ராமலிங்கம் முதலிய மாணாக்கரோடு அவர் எழுதிய கடவுள் உருவங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழகத்தின் வீட்டுச் சுவர்களை நிறைத்தன. அவருடைய கைத்திறனை நாம் பழிக்க மாட்டோம். துணியின் மடிப்பும் நகையின் மின்னலும் அறிந்த கை அது. ஆனால் பகுத்தறிவாளர் கண் இன்னொன்றையும் காண வேண்டும். அந்தக் கடவுளர் நிற்பது நாடக மேடையில். பின்னே தொங்குவது அரண்மனைத் திரை. முகத்தில் விழுவது மேடை வெளிச்சம். நாடகம் எழுதிய கை கடவுளை எழுதியது. அடியில் கடைக்காரர் தம் பெயரை அச்சிட்டுப் புத்தாண்டுக்குக் கொடுத்தார். ஆண்டு முடிந்ததும் வீட்டுக்காரர் என்ன செய்தார்? கத்தரிக்கோலை எடுத்தார்! கடைப் பெயரை வெட்டி எறிந்தால் கடவுள். வெட்டாது விட்டால் விளம்பரம். ஒரே தாள்தான், தோழர்களே. நடுவே இருப்பது ஒரு வெட்டு.

அந்த ஒரு வெட்டைச் செய்யத் தெரிந்த மக்களுக்கு ஒட்டோவியம் அயற்சரக்கு அன்று. வெட்டிய பின் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு நாம் அறிந்த சிறந்த விடை அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் ஒருவரிடம் கிடைக்கிறது.

ரோமரே பியர்டன், பருத்தி விளையும் தென்னாட்டில், வட கரோலினாவின் சார்லட் நகரில் 1911இல் பிறந்தார். நிறவெறி துரத்திய குடும்பங்கள் வடக்கே ஓடிய காலம். சிறு வயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெம் அவருக்கு ஊராயிற்று. இட்லரை விட்டோடி வந்த பெர்லின் கலகக்காரர் ஜார்ஜ் க்ரோசிடம் ஓவியம் பயின்றார். பல்லாண்டுகள் நகரச் சமூகநலத் துறையில் வேலை பார்த்தார். ஏழைகளின் படியேறிக் கதவு தட்டிக் குறைகேட்கும் வேலை. ஓவியம் இரவுக்கும் விடுமுறைக்கும் உரியது. 1963இல், வாஷிங்டனில் கருப்பின மக்கள் உரிமை கேட்டுப் பேரணி திரண்ட அந்தக் கோடையில், கருப்பினக் கலைஞர் சிலர் 'ஸ்பைரல்' என்னும் குழுவாகக் கூடினர். எல்லோரும் சேர்ந்து ஒட்டோவியம் செய்வோம் என்றார் பியர்டன். மற்றவர்க்கு ஆர்வமில்லை. அவர் தனியே செய்தார். 1964இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

அவர் செய்ததை உற்று நோக்குங்கள். இதழில் அழகிய கருப்பினப் பெண் முகம் ஒன்று கிடைத்தால் அதை முழுதாக வெட்டி ஒட்டிவிட்டு அமரவில்லை. ஒரு முகத்துக்கு ஒருத்தியின் கண், இன்னொருவனின் நெற்றி, ஆப்பிரிக்க முகமூடியின் மூக்கு என்று சேர்த்தார். கண்கள் அளவில் ஒவ்வா. கைகள் உடலினும் பெரியன. ஏன்? உழைத்த கை பெரிதாகத்தான் தெரியும். இடம்பெயர்ந்து துண்டு துண்டான வாழ்வைத் துண்டுகளாலேயே காட்டினார். தையல் தெரிகிறது, அவர் மறைக்கவில்லை.

1971இல் அவர் படைத்த 'தி பிளாக்' என்னும் ஓவியம் ஆறு பலகைகள், 18 அடி நீளம். இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவின் ஒரு தெருப்பகுதிதான் முழுப்பொருள். தேவாலயம், முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை, வாசற்படியில் அமர்ந்தோர், சாவு ஊர்வலம். சில இடங்களில் சுவரையே வெட்டி எடுத்துவிட்டு உள்ளே வாழ்வோரைக் காட்டுகிறார். படியேறிக் கதவு தட்டிய ஊழியனுக்குத்தான் சுவருக்குப் பின் என்ன இருக்கிறது என்று தெரியும்! வானத்தில் தேவதைகள் பறக்கின்றனவே என்று நம் தோழர் ஒருவர் முகம் சுளித்தார். பறக்கின்றன, நாமும் கண்டோம். நமக்கும் அதில் உடன்பாடில்லை. ஆயினும் அந்தத் தேவதைகள் தெருவை மறைக்கவில்லை, தெருதான் ஓவியம். நம் நாள்காட்டியில் தெரு எங்கே?

இவ்வளவும் எழுதிவிட்டுக் கை கட்டி நிற்பது நேர்மையன்று என்று நாமும் ஒருநாள் கத்தரிக்கோல் எடுத்தோம். பழைய தாள் கடையில் ஒரு கட்டு இதழ் வாங்கினோம். எடுத்துக்கொண்ட பொருள்: கரிசல் ஊர் ஒன்றின் விடியற்காலை, தீப்பெட்டி ஆலைப் பேருந்துக்குத் தூக்குச்சட்டியோடு காத்திருக்கும் பெண்கள். பேருந்து முதல் பத்து இதழுக்குள் கிடைத்துவிட்டது. பெண்கள் கிடைக்கவில்லை. பெண்களே இல்லையா? பக்கத்துக்குப் பக்கம் பெண்கள்! வெயில் படாத பெண்கள். வெடித்த குதிகால் ஒன்று வேண்டும் என்று தேடினோம். ஒரே ஓரிடத்தில் அகப்பட்டது: பாதவெடிப்புக் களிம்பு விளம்பரத்தில், 'முன்' என்று போட்ட படத்தில். பக்கத்தில் 'பின்' என்று பளபளக்கும் பாதம். கருத்த முகம் தேடினோம். அதுவும் 'முன்' படத்தில்தான் இருந்தது; 'பின்' படத்தில் அதே முகம் வெளுத்துச் சிரித்தது. 'ஃபேர் அண்டு லவ்லி' 2020இல் தன் பெயரை 'குளோ அண்டு லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றலாம், அச்சான பழைய பக்கங்கள் மாறுமா? நம் அன்னையரும் அக்கைமாரும் இந்த இதழ்களில் இருக்கிறார்கள், தோழர்களே. 'முன்' என்னும் முத்திரையின் கீழ் இருக்கிறார்கள்! ஒழிக்கப்பட வேண்டிய நிலையாக இருக்கிறார்கள். வருணம் பேசியவன் பிறப்பைக் காட்டி இழிவுசெய்தான். விளம்பரக்காரன் களிம்பைக் காட்டிச் செய்கிறான்.

ஆகவே 'முன்' படங்களை எல்லாம் வெட்டினோம். 'பின்' படங்களைக் குப்பையில் இட்டோம். அவையும் போதவில்லை. பின்னர்தான் கருமை எங்கே குவிந்து கிடக்கிறது என்பது தெரிந்தது: கூந்தல் தைல விளம்பரங்களில்! முழங்கால் வரை தொங்கும் அந்தக் கருங்கூந்தலை நீள நீளமாக வெட்டினால் கரிசல் மண் கிடைக்கிறது. வளைத்து வெட்டினால் உழைப்பாளியின் கை கிடைக்கிறது. தங்க நகை விளம்பரத்தின் மஞ்சள், விடியற்கால வானத்துக்கு ஆயிற்று. இதழ் எதை எதற்காக அச்சிட்டதோ அதை அதற்காகப் பயன்படுத்தாதிருப்பதே இந்தக் கலையின் உயிர்நாடி என்று அன்று கண்டோம். நம் மேடைகளின் முன் நிற்கும் தலைவர்களின் பேருருவ வெட்டுருக்களையும் எவரேனும் இப்படி ஒருநாள் வெட்டிப் பார்க்கலாம். நாம் சினம்கொள்ள மாட்டோம்.

வேலையைப் பற்றி இளைஞர்க்கு ஒரு சொல். மைதாப் பசையை நீர்க்கக் காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுவோர் சிறிது மயில்துத்தம் சேர்ப்பர். அது நஞ்சு, கையைக் கழுவுங்கள். இதழின் உள்பக்கத் தாள் மெல்லியது. ஈரம் பட்டதும் பின்பக்க எழுத்து முன்னே தெரியும். நம் ஓவியத்தில் ஒரு பெண்ணின் கன்னத்தில் ஆடித் தள்ளுபடி அறிவிப்பு தலைகீழாகத் தெரிகிறது. முதலில் வருந்தினோம், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

'வரையத் தெரியாதவன் வெட்டி ஒட்டுகிறான்' என்பது ஓவியப் புலவர்களின் பழைய ஏளனம். வரையத் தெரிந்தால்தான் பேசலாம் என்பது, இலக்கணம் கற்றால்தான் வாய் திறக்கலாம் என்பதன் தம்பி. திண்ணையில் பெட்டி ஒட்டிய பெண்ணுக்குத் தூரிகை கிடைக்கவில்லை. கத்தரிக்கோலும் பசையும் கிடைத்தன. அவள் வீட்டு மகனோ மகளோ அவற்றைக் கொண்டே தொடங்கட்டும்.

நம் ஓவியத்தின் குறையையும் சொல்லிவிடுகிறோம். பெண்களைவிடப் பேருந்து நன்றாக அமைந்துவிட்டது. ஒரே புகைப்படத்திலிருந்து முழுதாக வெட்டியதால் அது மட்டும் மிடுக்காக நிற்கிறது. காண்போர் கண் முதலில் அங்கேதான் போகிறது. ஈரத்துணி போட்டு ஊறவைத்து அதனைப் பிய்த்தெடுத்திருக்கிறோம். துண்டுகளால் வேறொரு பேருந்து செய்ய வேண்டும்.